அசைந்துபோன முழங்கால் படம்

வலியே இல்லாமல் வலிக்கிறது என்று ஒரு பெண் நடிக்கிறார் என்பதற்கு நான் சாட்சி சொன்னேன். அது உண்மையல்ல. சொல்லும்போதே அது உண்மையாக இல்லாமல் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரிடமும் நான் கை நீட்டிப் பணம் வாங்கவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் குற்றத்துக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். படம் கலங்கியிருந்தது, வெளியே வேன் காத்திருந்தது, எனக்குப் பசி. அங்கேதான் தொடங்கியது.

நான் கதிரியக்கத் துறையில் பட்டயம் பெற்ற மருத்துவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஓர் எக்ஸ்ரே நிலையம் வைத்தேன். அந்தக் காலத்தில் எனக்குப் பெரிய எதிரி மின்சாரம்தான். மில்களும் தறிகளும் முழு வேகத்தில் ஓடும் சாயங்காலங்களில் மின் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது கதிரைச் சற்று அதிக நேரம் பாய்ச்ச வேண்டும். அந்தச் சற்று நேரத்துக்குள் நோயாளி அசைந்துவிட்டால் படம் மங்கிப்போகும், ஒரு பிலிம் வீண். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஓர் அதட்டல் போடுவேன். "ஆடாத!" ஆள் அப்படியே உறைந்துபோவார். அந்த உறைவுக்குள் படம் எடுத்துவிடுவேன். கை முறிந்த பிள்ளைகள் அழுகையைக்கூட நிறுத்திவிடும். ஊரில் என்னைப் பற்றி, "அந்த டாக்டரு வெரட்டுவாரு, ஆனா படம் கண்ணாடி கணக்கா இருக்கும்" என்று சொல்வார்களாம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பல வருடம் அந்த அதட்டலை என் தொழில் திறமையில் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் சில மருத்துவர்கள் சேர்ந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவி ஒன்றை நிறுவினார்கள். நானும் அதில் ஒரு பங்காளி. எங்கள் பக்கத்து நோயாளிகளை வாரத்தில் ஒருநாள் வேனில் அழைத்துப்போவது என் பொறுப்பு. ராஜபாளையத்தில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் சிலரை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவோம். முதுகு, தோள், முழங்கால் என்று ஒரு வேன் நிறைய வலி. நான் அங்கேயே உட்கார்ந்து படங்களைப் பார்த்து முடிவு எழுதிக் கொடுப்பேன். சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவோம்.

எக்ஸ்ரே ஒரு கணத்தின் படம். எம்.ஆர்.ஐ. அப்படி இல்லை. சில நிமிடங்கள் விடாமல் தகவல் சேகரித்து, அத்தனையையும் ஒன்றாகக் கூட்டித்தான் ஒரு தொகுதிப் படங்களைக் கட்டுகிறது. பிறகு சிறிது இடைவெளி. பிறகு வேறொரு தாளத்தில் சத்தம் எழுப்பிக்கொண்டு அடுத்த தொகுதி. நடுவில் ஒரே ஒரு முறை கால் வெட்டி இழுத்தாலும் அந்த அசைவு படத்தில் ஓரிடத்தோடு நிற்காது. எல்லாப் படங்களிலும் பரவும். எலும்பின் விளிம்பு நடுங்கும் கையால் இரண்டு மூன்று தடவை வரைந்ததுபோல அடுக்கடுக்காகத் தெரியும். முழங்கால் ஜவ்வு நல்ல நிலையில் இருந்தால் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். கிழிந்திருந்தால் அதன் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அசைவினால் விழும் கோடும் வெள்ளைதான். இல்லாத கிழிசலை அது காட்டும், இருக்கிற கிழிசலை அது மறைக்கும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆனால் நோயாளியை அசையாமல் வைப்பதற்கு என்னிடம் இருந்தது அந்தப் பழைய அதட்டல் மட்டும்தான். ஒரு நொடிக்குப் போதுமான அதட்டலை நான் நிமிடக் கணக்குக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். முன்னால் இரண்டு தறி, முதுகுக்குப் பின்னால் இரண்டு தறி, நடுவில் நின்றுகொண்டு நான்கையும் கவனிக்க வேண்டும். அந்த இரைச்சலில் பின்னால் இருக்கும் தறியைக் கண்ணால் கவனிக்க முடியாது, காதால்தான். நூல் அறுந்து சத்தம் மாறியதும் சட்டென்று திரும்பிக் கையைப் போட வேண்டும். ஒருநாள் அப்படித் திரும்பும்போது தரையில் எண்ணெய். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்கால் வீங்கி, அதன்பின் அவ்வப்போது மடக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. நின்று செய்யும் வேலை இனி முடியாது, தார் சுற்றும் வேலைக்கு மாற்றுங்கள் என்று முதலாளியிடம் கேட்டார். தறிக்கு வேண்டிய நூலைச் சிறு கட்டைகளில் உட்கார்ந்தபடி சுற்றித் தருகிற வேலை அது. முதலாளி மறுத்தார். எல்லோரும் உட்கார்ந்த வேலை கேட்டால் தறியை யார் ஓட்டுவது என்றார்.

சங்கத்துக்காரர்கள் தலையிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் முன்னால் விசாரணை வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது, ஜவ்வு கிழிந்திருந்தால் முதலாளி வைத்தியமும் பார்த்து உட்கார்ந்த வேலையும் தருவது, இல்லையென்றால் அவர் தறிக்குத் திரும்புவது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காலின் கதி என் கையெழுத்துக்கு வந்து சேர்ந்தது. முதலாளி தினமும் காலையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிறவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் என்னிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. "நீங்க பாத்துச் சொன்னாச் சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

மதுரைக்குத் துணையாக அந்தப் பெண்ணின் மதினி வந்திருந்தார், அதே தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றதும் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மதினியின் முந்தானையில் முடிந்து கொடுத்தார் அந்தப் பெண். காலை நீட்டிப் படுக்க வைத்து, முழங்காலைச் சுற்றிக் கருவியின் கூட்டைப் பொருத்தி, பட்டையை இறுக்கிக் கட்டினோம். வீங்கிய முழங்காலை முழுவதும் நீட்டுவது எவ்வளவு வலிக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

முதல் தொகுதி ஓரளவு நன்றாகவே வந்தது. அந்தக் கருவியின் சத்தம் பலரைப் பயமுறுத்தும். அவரை அது தூங்க வைத்தது. தறிக்கூடங்களை ஒட்டிய வரிசை வீடுகளில் வாழ்கிறவர்களுக்குச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். மின்சாரம் போய்த் தறிகள் நின்றால் விழித்துக்கொள்வார்கள். சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் வேறு தாளத்தில் மறுபடி தொடங்கியது. அவருடைய உடம்பு முழுவதும் ஒருமுறை வெட்டித் திரும்பியது. ஜவ்வைத் தெளிவாகக் காட்ட வேண்டிய தொகுதி அதுதான். ஒலிபெருக்கியில் ஆபரேட்டர், அசையாதீர்கள் என்று பணிவாகச் சொன்னார். அடுத்த தொகுதியிலும் அதேதான் நடந்தது. நான் மைக்கை வாங்கி அதட்டினேன். அதற்குப் பிறகு அவர் பயத்தில் காலை விறைப்பாக வைத்துக்கொண்டார். விறைத்த கால் நடுங்கும். மிச்சப் படங்களும் கெட்டன.

வெளியே வந்ததும் அவராகவே சொன்னார்.

"சத்தம் மாறுச்சு டாக்டரய்யா. தறி நின்னுருச்சுன்னு கை தானாப் போயிருது. கை போனாக் காலும் போகும். வேணும்னு செய்யல."

"இது தறி இல்லம்மா" என்றேன்.

"அது அவளுக்குத் தெரியும் சார். அவ காலுக்குத் தெரியலல்லா" என்றார் மதினி.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆபரேட்டர் மெதுவாக, முழங்காலுக்கு அடியில் ஏதாவது வைத்து இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், வேன் டிரைவர் வேறு வந்து வந்து எட்டிப் பார்த்தார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். ஜவ்வு இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அங்கே கிழிசல் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எழுதியது இது: நோயாளி ஒத்துழைக்கவில்லை, காண முடிந்த அளவில் ஜவ்வில் கிழிசல் இல்லை.

'காண முடிந்த அளவில்' என்ற அந்தச் சொற்களுக்குள்ளாவது கொஞ்சம் நேர்மை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் விசாரணையில் அதையும் விட்டுவிட்டேன். கிழிசல் இல்லை என்று மட்டும் சொன்னேன். வலியினால் அசைந்திருக்கலாம் அல்லவா என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. படம் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் சரியாகியிருக்கும். அதைச் சொன்னால், கெட்டுப்போன படத்தை வைத்துக்கொண்டு முதலில் ஏன் முடிவு எழுதினீர்கள் என்று கேட்பார்கள். பத்துப் பேர் முன்னால் எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம் என்று இருந்தது.

"உண்மையில் வலி உள்ளவர்கள் காலை அசைக்கவே பயப்படுவார்கள். இவர் வேண்டுமென்றே அசைத்திருக்கிறார். படம் தெளிவாக விழக்கூடாது என்பதுதான் நோக்கம்" என்றேன்.

நல்ல தமிழில், நிதானமாகச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு முதலாளிக்குச் சாதகமாக வந்தது. வாசலில் நான் காரில் ஏறும்போது மதினி எல்லோரும் கேட்கும்படி சொன்னார். "இனிமே நாங்க செத்துக் கெடந்தாத்தான் வலின்னு எழுதுவீயளோ?"

அந்தப் பெண் தறிக்குத் திரும்பினார். வேறு வழி இல்லை. சில வாரம் கழித்து, காலை நடையில் முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். "டாக்டரே, நம்ம தறியில இப்ப ஒரு நடிகை இருக்கா, தெரியும்லா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுதானுக. கொஞ்சம் நொண்டினாப் போதும், 'இன்னைக்கு என்ன படம்'னு கேக்கானுக." எனக்குச் சங்கடமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அன்றும் நான் சிரித்தேன்.

அதன்பின் தறி, மில் வேலையிலிருந்து வந்த பல பேருடைய படங்கள் அதேபோல் கெட்டன. சத்தம் மாறும் இடங்களில்தான் கெட்டன. கண் முன்னால் இருந்தும் நான் அதை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கவில்லை. படிப்பில்லாத ஜனங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று என் சக மருத்துவர்களிடம் புலம்பினேன்.

ஓரிரு வருடத்தில் எனக்கே முழங்கால் வலி வந்தது. ஒரு வேன் நாளில், கடைசி ஆளாக நானே கருவிக்குள் படுத்தேன். ஒவ்வொரு தொகுதியும் எவ்வளவு நேரம், எந்தச் சத்தம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் குதிகாலில் ஒரு வலி தொடங்கியது. அதை நினைக்க நினைக்கப் பெரிதாகியது. சத்தம் நின்று மறுபடி தொடங்கியபோது என் தொடை என்னைக் கேட்காமல் துடித்தது. இறங்கி வந்து பார்த்தேன். ஆபரேட்டர் என் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். அடுக்கடுக்கான கோடுகள். நான் யாரையும் ஏமாற்றுவதற்காகக் காலை ஆட்டவில்லை. அந்தப் பெண்ணின் படத்தைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. எந்த அசைவு அவருடைய ஜவ்வைக் கிழித்ததோ அதே அசைவுதான் கிழிசலை மறைத்திருக்க வேண்டும். அவர் அதை எனக்கு அன்றே சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து அதட்டலை விட்டேன். எல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள்தான். வலி உள்ளவருக்கு முன்னதாகவே மாத்திரை கொடுப்பது. முழங்காலுக்கு அடியில் துணிச் சுருள் வைத்துக் காலைச் சற்று மடக்கிய நிலையில், அவருக்கு வலிக்காத நிலையில் கிடத்துவது. பட்டையை இறுக்குவதற்குப் பதில் கூட்டுக்கும் காலுக்கும் இடையே மெத்து மெத்தென்று பஞ்சு அடைப்பது. படுக்குமுன் வாசலில் நிறுத்தி, முந்தின ஆளுக்குக் கருவி ஓடும்போது எல்லாச் சத்தத்தையும் ஒருமுறை கேட்க வைப்பது. எந்தத் தொகுதி முக்கியமோ அதை முதலில் எடுப்பது, ஏனென்றால் பொறுமை முதலில்தான் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கு முன்னும் எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லிவிடுவது. கெட்டால் அந்தத் தொகுதியை மட்டும் மறுபடி எடுப்பது. ரொம்பப் பயந்தவர்களுக்கு வீட்டு ஆள் ஒருவரை உள்ளே உட்கார வைத்துக் கெண்டைக்காலில் கை வைத்திருக்கச் சொல்வது. பெரும்பாலான படங்கள் தெளிந்தன. வேனில் ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது. பங்காளிகள் முணுமுணுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். மதினிதான் வாசலில் நின்றார். "என்ன சார், இன்னும் ஏதாச்சும் எழுத வேண்டி இருக்கா?" என்றார். உள்ளே போய் உட்கார்ந்து, நான் செய்ததை அவர்கள் இருவருக்கும் சொன்னேன். மறுபடி ஒரு படம் எடுக்கலாம், வைத்தியம் என் பொறுப்பு, அதிகாரியிடம் போய் என் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்வேன் என்றேன். அந்தப் பெண், "வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை நானே உள்ளே அவர் காலடியில் உட்கார்ந்தேன். கெண்டைக்காலில் கை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இடைவெளியிலும் காலை லேசாக அழுத்தி, "இப்ப சத்தம் மாறப்போகுது. தறி இல்ல. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடவில்லை. சத்தம் மாறும் ஒவ்வொரு முறையும் என் உள்ளங்கைக்குக் கீழே தசை இறுகியது, பிறகு தளர்ந்தது, அசையவில்லை. படம் தெளிவாக வந்தது. ஜவ்வு நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த பகுதி மூட்டுக்குள் மடிந்து கிடந்தது. அதன் அடியில் எலும்பின் வழுவழுப்பும் தேய்ந்துபோயிருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் தைத்துக் காப்பாற்ற முயன்றிருக்கலாம், இப்போது வெட்டி எடுக்கத்தான் முடியும் என்றார் அறுவை மருத்துவர். அந்தத் தேய்மானம் என் வாக்குமூலத்துக்குப் பிறகு அவர் தறியில் நின்ற காலத்தில் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். எழுதியும் கொடுத்தேன், முதலாளியையும் சங்கத்துக்காரர்களையும் வைத்துக்கொண்டு வாயாலும் சொன்னேன். அதே அதிகாரிதான் இருந்தார்.

"அப்ப அன்னைக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"படம் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். முதலாளி எதிர்க்கவில்லை. உட்கார்ந்த வேலை தந்தார். என்னோடு நடக்க வருவதை நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அறுவை முடிந்து சில மாதத்தில் மூட்டு பூட்டிக்கொள்வது நின்றது, வலி முழுவதும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

மறு வருடம் ஒரு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு பையோடு கூட்டத்துக்குள் நேராக, சீராக நடந்து வந்தார். கொஞ்சம் நிதானமான நடை, அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே பஸ்ஸில்தான் ராஜபாளையம் வந்தோம். அவர் என்னைக் கவனிக்கவில்லை. இறங்கி, தறிக்கூடங்கள் இருக்கும் தெருப் பக்கம் திரும்பினார். தறிச் சத்தம் கேட்கும் தூரம் வந்ததும், காலை இழுத்து இழுத்து நொண்ட ஆரம்பித்தார்.

வலி திரும்பிவிட்டதோ என்று பயந்து, வேகமாகப் போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பிடிபட்டுவிட்ட கூச்சம் இருந்தது.

"கால் நல்லாத்தான் இருக்கு டாக்டரய்யா. நேரா நடந்து போனா, 'பாத்தியா, அப்ப நடிச்சவதான'ங்குதாக. டாக்டரக் கைக்குள்ள போட்டுக்கிட்டு உக்காந்த வேலைய வாங்கிட்டாங்குதாக. இப்படிப் போனா ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாக."

"இப்படி இழுத்து நடந்தா இன்னொரு காலும் கெட்டுப்போகும்மா."

"தெரு முக்குலருந்து வாசல் வரைக்குந்தான். உள்ள போயி உக்காந்துட்டா பொறவு என்ன."

நான் வந்து தறிக்கூடத்தில் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க சொன்னதத்தான அவிய இன்னும் சொல்லுதாக" என்றார்.

பிறகு காலை இழுத்துக்கொண்டே போனார். வாசல் படியில் ஏறும்போது கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். தறிச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை.